வெற்றுத் தண்ணீர் போதும்: வீட்டு பியருக்கு ஆர்.ஓ. தேர்ந்தெடுப்பது எப்படி

டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் குழாய்த் தண்ணீரில் பால் விடாத தேநீர் போட்டு, கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் பாருங்கள். மேலே மெல்லிய ஆடை படியும். கரண்டியால் தொட்டால் சில்லுச் சில்லாக உடையும். கோப்பையின் ஓரத்தில் பழுப்பு வளையமாக ஒட்டிக்கொள்ளும். அந்த ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர்ப்படுகை சுண்ணாம்புப் பாறையால் ஆனது. பாறைக்குள் ஊறி வரும் தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் தாராளமாகக் கரைந்திருக்கும். அவை தேயிலைச் சாரத்தோடு சேர்ந்துதான் அந்த ஆடை உண்டாகிறது. அதே தேநீரைப் போட்டவுடன் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் ஆடை படியாது. புளிப்பு, பைகார்பனேட்டை முறித்துவிடுகிறது.

பியருக்குத் தண்ணீர் பார்க்கிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம் இதுதான். தண்ணீரின் பைகார்பனேட் ஒரு பக்கம் இழுக்கும், புளிப்பு மறுபக்கம் இழுக்கும். எது ஜெயிக்கிறதோ அதைப் பொறுத்துச் சுவை அமையும்.

வீட்டில் பியர் தயாரிப்பது அமெரிக்காவில் பரவலான பொழுதுபோக்கு. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வழிவிட்டது. ஒரு பெரியவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை சொந்த உபயோகத்துக்கு வரியில்லாமல் தயாரிக்கலாம். தமிழ்நாட்டில் இதற்கு அனுமதி இல்லை. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவில் இருந்துகொண்டு, கடையில் வரிசையாக நிற்கும் ஆர்.ஓ. (ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ்) தண்ணீர்ச் சுத்திகரிப்புப் பெட்டிகளில் எதை எடுப்பது என்று யோசிக்கிறவர்களுக்கு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பியருக்கு வேண்டியது எதுவும் கலக்காத வெற்றுத் தண்ணீர். அதைத் தருகிற சாதாரண மெஷின் போதும். அதற்கு மேல் பெட்டியில் சேர்த்து விற்கப்படும் பல சங்கதிகள் பியருக்குத் தேவையில்லை. சில கெடுதலும் செய்யும்.

தண்ணீர் எங்கே கை வைக்கிறது

பியரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆனால் அளவைவிட முக்கியம், மாஷ் என்கிற கட்டம். முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டை உடைத்து, 65 டிகிரி செல்சியஸை ஒட்டிய சுடுநீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பார்கள். மால்ட்டில் உள்ள என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். இந்த வேலை ஒழுங்காக நடக்க, மாஷின் பி.எச். 5.2-க்கும் 5.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். தண்ணீரில் பைகார்பனேட் அதிகமிருந்தால் பி.எச். மேலே ஏறும். பிறகு மால்ட்டைக் கழுவி எடுக்கும்போது 6-ஐத் தாண்டினால், உமியிலிருந்து துவர்ப்பும் இறங்கிவிடும். நாக்கைச் சுருக்கும் அந்தத் துவர்ப்பை, பியருக்குக் கசப்பு தரும் எந்த ஹாப்ஸாலும் மறைக்க முடியாது.

ஐரோப்பாவின் பழைய பியர் ஊர்களின் கதை முழுக்க இதற்குள் அடங்கும். டப்ளின் தண்ணீரில் பைகார்பனேட் அதிகமாக இருந்தது. கருக வறுத்த மால்ட்டின் புளிப்பு அதைச் சமன் செய்ததால் அங்கே கறுப்பு ஸ்டவுட் நன்றாக வந்தது. பொஹீமியாவின் பில்சன் நகரத்துத் தண்ணீரில் உப்பு என்று சொல்ல எதுவுமே இல்லை. 1842-ல் ஜோசப் க்ரோல் அங்கே வடித்த பொன்னிற லாகர் இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. இங்கிலாந்தின் பர்ட்டன்-ஆன்-ட்ரென்ட் கிணறுகளில் ஜிப்சம் கரைந்திருந்தது. ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாகக் காட்டும் பேல் ஏல் அந்த ஊரின் பெயரைச் சொன்னது. தண்ணீர் எப்படியோ, அதற்கேற்ற பியர். இன்று நமக்கு எல்லா ஊர் பியரும் ஒரே அடுக்களையில் வேண்டும். அதற்கு முதலில் தண்ணீரை வெறுமையாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு வேண்டிய உப்பை நாமே போட்டுக்கொள்ளலாம்.

அந்த வேலையைச் செய்வதுதான் ஆர்.ஓ. 1950-களின் கடைசியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து செல்லுலோஸ் அசிடேட்டில் ஒரு சவ்வு செய்தார்கள். உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் தாராளமாக விடும் முதல் நடைமுறைச் சவ்வு அது. 1965-ல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூர் இந்த முறையில் ஊருக்குத் தண்ணீர் தரத் தொடங்கியது. இன்று வீட்டு மெஷின்களில் இருப்பது அடுத்த தலைமுறைச் சவ்வு. அதன் மேல்தோல் பாலிஅமைடு.

வாங்குவதற்கு முன்னால்

முதலில் உங்கள் ஊர்த் தண்ணீர் எப்படி என்று பாருங்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு குடிநீர் நிறுவனமும் ஆண்டுதோறும் தர அறிக்கை வெளியிட வேண்டும். ஆனால் அதில் ஈயம், நைட்ரேட் போன்ற உடல்நலம் சார்ந்தவைதான் முக்கியம். நமக்கு வேண்டிய கால்சியம், மக்னீசியம், சோடியம், குளோரைடு, சல்பேட், ஆல்கலினிட்டி ஆகிய ஆறும் பல நேரம் இருக்காது. நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். இல்லையென்றால் நெப்ராஸ்காவில் உள்ள வார்ட் லேபரட்டரீஸ் போன்ற இடத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீரை அனுப்பலாம். பியர் தயாரிப்பவர்களுக்கென்றே தனிச் சோதனை வைத்திருக்கிறார்கள்.

அறிக்கையில் முதலில் தேட வேண்டியது, பைகார்பனேட்டின் அளவைக் காட்டும் ஆல்கலினிட்டி. ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலான பியருக்கு அப்படியே போகலாம். 100-ஐத் தாண்டினால் வெளிர் நிற பியருக்குச் சிரமம். சான் அன்டோனியோ தண்ணீரின் கடினத்தன்மை 15 முதல் 20 கிரெய்ன் வரை, அதாவது லிட்டருக்குச் சுமார் 257 முதல் 342 மில்லிகிராம். சுண்ணாம்புப் பாறையில் ஊறிய தண்ணீர் என்பதால் ஆல்கலினிட்டியும் அதோடு சேர்ந்தே வரும்; அங்கே பில்ஸ்னர் போட நினைத்தால் ஆர்.ஓ. கட்டாயம். ஓரிகனின் போர்ட்லண்டில் புல் ரன் காட்டு நீர்த்தேக்கத்திலிருந்து மழைத் தண்ணீர் மாதிரி மென்மையாக வருகிறது, அங்கே ஆர்.ஓ. வாங்குவது வீண் செலவு. அந்த ஊர்க்காரர்கள் கிருமிநாசினியை மட்டும் நீக்கினால் போதும்.

மால்ட்டை மாஷ் செய்யாமல், டப்பாவில் வரும் மால்ட் எக்ஸ்ட்ராக்டில் பியர் போடுகிறவர்களுக்கு மெஷின் வாங்கும் அவசரமே இல்லை. எக்ஸ்ட்ராக்டைத் தயாரித்த ஆலையின் தண்ணீரில் இருந்த உப்புகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. சூப்பர் மார்க்கெட்டில் பெரிய கேனில் பிடித்துக்கொள்ளும் ஆர்.ஓ. தண்ணீரே போதும். மாதம் ஒரு முறை மாஷ் செய்கிறவர்களும் முதலில் அந்தத் தண்ணீரில் இரண்டு மூன்று பியர் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். ஆனால் பிடித்துவந்ததை, கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் அளந்து பார்க்காமல் நம்ப வேண்டாம். கடை மெஷினில் சவ்வு எப்போது மாற்றப்பட்டது என்பது நமக்குத் தெரியாது.

பெட்டிக்குள் வேண்டிய மூன்று

நல்ல ஆர்.ஓ. அமைப்பில் மூன்று படிகள் போதும்.

முதலாவது செடிமெண்ட் ஃபில்டர். 5 மைக்ரான் அளவுள்ள பாலிபுரோப்பிலீன் சுருள். மண், துரு, மணல் துகளைப் பிடிக்கும். விலை மலிவு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

இரண்டாவது கார்பன் பிளாக். என்னைக் கேட்டால் மொத்த அமைப்பிலும் கஞ்சத்தனம் காட்டக் கூடாத இடம் இதுதான். ஊர்த் தண்ணீரில் கிருமிநாசினியாகக் குளோரினோ குளோரமினோ இருக்கும். அது மால்ட்டில் உள்ள ஃபீனால்களோடு சேர்ந்தால் குளோரோஃபீனால் உண்டாகும். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைப் பிரித்தவுடன் அடிக்குமே, அந்த மருந்து வாடை. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். சுவைக்கு இது எதிரி என்றால், பாலிஅமைடு சவ்வுக்குக் குளோரின் எமன். 1 பி.பி.எம். குளோரின் தொடர்ந்து பட்டால் 200 முதல் 1000 மணி நேரத்துக்குள் சவ்வு சேதமாகத் தொடங்கும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். கார்பன் காவல் காக்காவிட்டால் சவ்வு நிலைக்காது.

குளோரினைச் சாதாரணக் கார்பன் எளிதாகப் பிடித்துவிடும். குளோரமின் பிடிவாதக்காரன், தண்ணீர் கார்பனோடு அதிக நேரம் உறவாட வேண்டும். உங்கள் ஊரில் குளோரமின் என்றால் இரண்டு கார்பன் பிளாக் உள்ள அமைப்பையோ, கேட்டலிடிக் கார்பன் என்று குறிப்பிட்டதையோ எடுங்கள். பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் மாத்திரை, அதாவது கேம்ப்டன் மாத்திரை, ஒன்றைப் பொடித்து 20 கேலனில் கலந்தாலும் குளோரமின் போய்விடும். ஆனால் அது தண்ணீரைப் பிடித்த பிறகு செய்வது. மெஷினுக்குள் இருக்கும் சவ்வை அது காப்பாற்றாது.

மூன்றாவது அந்தச் சவ்வு, கடைக்காரர்கள் மெம்பிரேன் என்பது. கைக்கு அடக்கமான ஒரு குழலுக்குள் பாய் மாதிரிச் சுருட்டி வைத்திருப்பார்கள். உப்பைத் தடுக்கும் மேல்தோல் ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். தண்ணீர் அழுத்தத்தில் அதை ஊடுருவி நடுக்குழாய்க்கு வரும். உப்பு மிஞ்சிய தண்ணீர் வேறு வழியாக வெளியேறும். நல்ல சவ்வு கரைந்திருக்கும் உப்பில் 95 சதவீதத்துக்கு மேல் நிறுத்திவிடும். குழாய்த் தண்ணீரில் டி.டி.எஸ். 400 என்றால் வெளியே 10 முதல் 20 வரை வரும். பியருக்கு அது தாராளம்.

பெட்டியின் மேல் என்.எஸ்.எஃப்./ஆன்சி 58 என்ற சான்று இருக்கிறதா பாருங்கள். ஆர்.ஓ. அமைப்புகளுக்கான தரம் அது. 42 என்ற எண் மட்டும் இருந்தால் குளோரின், வாடை போன்றவற்றுக்கு மட்டும் சோதித்தது என்று பொருள். இன்னொன்றும் கவனியுங்கள்: ஃபில்டர்கள் 10 அங்குல நிலையான அளவில் இருந்தால் எந்தக் கடையிலும் மாற்று கிடைக்கும். தன் நிறுவனத்து வடிவத்தில் மட்டுமே ஃபில்டர் விற்கும் மெஷின், வாங்கும்போது மலிவாகவும் வைத்திருக்கும்போது செலவாகவும் இருக்கும்.

வேண்டாதவை

மினரல் கார்ட்ரிட்ஜ், ஆல்கலைன் கார்ட்ரிட்ஜ் என்று ஐந்தாவது, ஆறாவது படியாக விற்பார்கள். குடிக்க ருசியாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். இவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய ஆல்கலினிட்டியை அது திரும்பவும் உள்ளே கொண்டுவருகிறது. அதுவும் தண்ணீர் எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பொறுத்து நாளுக்கொரு அளவில். கணக்குப் போட்டு உப்பு சேர்க்க வேண்டிய நமக்கு இது ஆகாது.

மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் டி.ஐ. என்று ஒரு படி சேர்ப்பார்கள். மீதியுள்ள 10 பி.பி.எம்.மையும் பூஜ்யமாக்கும். பவளம் வளர்க்க அது வேண்டும்; பியருக்கு வேண்டியதில்லை. நம் ஊரில் பழகிய யு.வி. விளக்கும் அப்படித்தான். மாஷிலிருந்து வடித்த இனிப்புச் சாறான வோர்ட்டை நாம் ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறோம். அதில் தப்பி எந்தக் கிருமியும் பியரைக் கெடுக்க வராது.

சிங்க் அடியில் வைக்கும் அழுத்தத் தொட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரும்பு உருண்டைக்குள் ரப்பர் பை. தண்ணீர் நிறைய நிறையப் பைக்கு வெளியே உள்ள காற்று எதிர்த்து அழுத்தும். குழாயில் 60 பி.எஸ்.ஐ. அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். தொட்டி நிரம்பும் தறுவாயில் உள்ளே 40 ஆகிவிடும். தண்ணீரைச் சவ்வு வழியாகத் தள்ள மிஞ்சுவது 20 தான். தண்ணீர் வரும் வேகம் குறைகிறது. ஆனால் உப்பு கசியும் வேகம் அழுத்தத்தைப் பெரிதாகச் சார்ந்ததில்லை. அது தன் பாட்டுக்குக் கசிந்துகொண்டே இருக்கும். விளைவு, கடைசியில் சேரும் தண்ணீரில் உப்பு விகிதம் கூடுகிறது. தவிர, 3 கேலன் சொச்சம் பிடிக்கும் தொட்டி 8 கேலன் கேட்கும் பியர் நாளுக்குக் காணவும் காணாது. தொட்டியில்லாமல், தோட்டத்துக் குழாயில் மாட்டி, உணவுத்தர பக்கெட்டில் நேரே பிடிக்கும் அமைப்பே நல்லது. முதல் நாள் இரவு திறந்து வைத்தால் காலையில் தண்ணீர் தயார். நிரம்பி வழியாமல் இருக்க மிதவை வால்வு ஒன்றும், அது மூடினால் வரத்தையே நிறுத்தும் தானியங்கி வால்வு ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பயன். மிதவை மட்டும் இருந்தால் கழிவுநீர் விடிய விடிய ஓடும்.

வீட்டார் குடிக்கவும் அதே அமைப்பு வேண்டும் என்றால், சவ்வைத் தாண்டிய இடத்தில், தொட்டிக்கும் மினரல் கார்ட்ரிட்ஜுக்கும் முன்பாக, ஒரு டீ இணைப்பு போட்டு பியருக்குத் தனி வால்வு வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் குறையில்லை.

அளவு, குளிர், கழிவு

சவ்வுகளை ஒரு நாளுக்கு எத்தனை கேலன் என்று எண் போட்டு விற்பார்கள்: 50, 75, 100. அந்த எண் 25 டிகிரி செல்சியஸ் தண்ணீருக்கும், குறிப்பிட்ட அழுத்தத்துக்கும் சொன்னது. 5 கேலன் பியருக்கு, மால்ட் உறிஞ்சுவதும் கொதித்து ஆவியாவதும் சேர்த்துச் சுமார் 8 கேலன் தண்ணீர் வேண்டும். 75 கேலன் சவ்வு கணக்குப்படி மணிக்கு 3 கேலன் தரும். மூன்று மணி நேரத்துக்குள் வேலை முடியும். ஆனால் ஒவ்வொரு டிகிரி குளிருக்கும் சுமார் 3 சதவீதம் வரத்து குறையும். மினசோட்டா போன்ற வட மாநிலங்களில் குளிர்காலக் குழாய்த் தண்ணீர் சில்லிட்டு வரும்போது அதே சவ்வு பாதி வேகத்தில்தான் தரும். அங்கே 100 எடுங்கள். வீட்டுக் குழாயில் அழுத்தம் 40 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இருந்தால் பூஸ்டர் பம்ப் தேவைப்படும். சில டாலருக்குக் கிடைக்கும் அழுத்தமானியைத் தோட்டக் குழாயில் திருகி முதலில் பார்த்துவிடுங்கள்.

கழிவு பற்றி மனச்சாட்சியோடு யோசிக்க வேண்டும். சாதாரண அமைப்பில் 1 கேலன் நல்ல தண்ணீருக்கு 3, 4 கேலன் வெளியே போகும்; மோசமானதில் 5-ஐயும் தாண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024-ல் ஆர்.ஓ.வுக்கென்று வாட்டர்சென்ஸ் முத்திரையைக் கொண்டுவந்தது. அதைப் பெற, கழிவு 2.3 கேலனுக்குள் இருக்க வேண்டும். வறண்ட ஊரில் இருப்பவர்கள் அந்த முத்திரையைத் தேடுங்கள். வெளியே போவது சாக்கடை நீர் அல்ல; உப்பு கொஞ்சம் கூடிய அதே குழாய்த் தண்ணீர்தான். பீப்பாயில் பிடித்துவைத்தால் கொதித்த வோர்ட்டைக் குளிர்விக்கவும் பாத்திரம் கழுவவும் ஆகும். கழிவைக் குறைக்கிறேன் என்று, கழிவுநீரின் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரை மட்டும் இறுக்காதீர்கள். உப்பு சவ்வின் மேலேயே படிந்து அடைத்துக்கொள்ளும்.

வீட்டில் வாட்டர் சாஃப்ட்னர் இருந்தால், அந்தத் தண்ணீரை நேராக பியருக்கு எடுக்க வேண்டாம். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும்; பைகார்பனேட் அப்படியே இருக்கும். ஆனால் அதை ஆர்.ஓ.வுக்குக் கொடுக்கலாம். சவ்வில் சுண்ணாம்பு படியாது, சோடியத்தைச் சவ்வு தடுத்துவிடும்.

வந்து சேர்ந்த பிறகு

புதுக் கார்பனைச் சவ்வோடு இணைக்கும் முன் சில நிமிடம் தனியாக ஓடவிட்டு, கறுப்புத் தூள் போகும்வரை கழுவுங்கள். புதுச் சவ்வில் கெடாமல் இருக்கப் பூசிய மருந்து இருக்கும்; முதல் சில கேலனைக் கீழே விடுங்கள். பியர் போடும் ஒவ்வொரு முறையும் முதல் ஐந்து நிமிடத் தண்ணீர் வேண்டாம். மெஷின் சும்மா இருந்த நேரத்தில் உப்பு சவ்வைக் கடந்து மெதுவாக மறுபக்கம் வந்திருக்கும்.

ஒரு டி.டி.எஸ். மீட்டரை அவசியம் வாங்குங்கள். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளந்து தேதியோடு எழுதிவைத்தால், சவ்வு எப்போது தளர்கிறது என்று உங்களுக்கே தெரியும். தடுப்பு 90 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றும் நேரம். ஆர்.ஓ. தண்ணீரின் பி.எச்.சை அளந்து கவலைப்படாதீர்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்தாலே அது 6-க்குக் கீழே இறங்கும், மால்ட் பட்டதும் மாறிவிடும். அளக்க வேண்டியது மாஷின் பி.எச்.

கடைசி வேலை உப்பு. கால்சியம் இல்லாத தண்ணீரில் ஈஸ்ட் சரியாகப் படியாது, பியர் தெளியாது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் கால்சியம் வைப்பது வழக்கம், லாகருக்குச் சற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை. 8 கேலன் ஆர்.ஓ. தண்ணீரில் 8 கிராம் ஜிப்சமும் 4 கிராம் கால்சியம் குளோரைடும் போட்டால் கால்சியம் 97, சல்பேட் 147, குளோரைடு 64 வரும். ஹாப்ஸ் தூக்கலான பேல் ஏலுக்கு நல்ல அடிப்படை. பில்ஸ்னருக்கு அந்த 4 கிராம் கால்சியம் குளோரைடு மட்டும் போதும்; மாஷின் பி.எச். இன்னும் மேலே இருந்தால் லாக்டிக் அமிலம் சில மில்லி. 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். கரண்டிக் கணக்கு சரிவராது. மேலே படிக்க விரும்புகிறவர்களுக்கு ஜான் பால்மரும் காலின் காமின்ஸ்கியும் 2013-ல் வெளியிட்ட தண்ணீர் பற்றிய நூல் இருக்கிறது. மார்ட்டின் பிரங்கார்டின் புரூன் வாட்டர் கணக்குத்தாளில் எண்களைப் போட்டால் மாஷ் பி.எச். எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்லும்.

ஆகவே கடைக்குப் போகும்போது கையில் இரண்டு எண்கள் இருக்கட்டும்: உங்கள் தண்ணீரின் ஆல்கலினிட்டி, உங்கள் குழாயின் அழுத்தம். கிருமிநாசினி குளோரினா, குளோரமினா என்பதும் தெரிந்திருக்கட்டும். இந்த மூன்றும் தெரிந்தவருக்குப் பெட்டியின் மேலுள்ள படிகளின் எண்ணிக்கை பெரிதாகத் தோன்றாது. மிச்சமாகும் பணத்தில் தராசும் டி.டி.எஸ். மீட்டரும் பி.எச். மீட்டரும் வாங்குங்கள். ஏழு படி மெஷினைவிட இந்த மூன்றும்தான் உங்கள் பியரைத் தேற்றும்.